குருவே, மறந்துட்டேன்

குரு டிரம்ஸ் வாசிக்கிறாள். பெயர் எஸ்தர். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. நாகர்கோவிலில் ஒரு ஸ்கூட்டி உண்டு, அதுவும் தம்பி எடுத்துக்கொண்டு போகாத நாட்களில்.

சீடன் இசக்கிமுத்து. குருவைவிட ஆறு மாதம்தான் இளையவன். 'கொடுக்காப்புளி' என்கிற ராக் பேண்டில் பாடுகிறவன். பேண்டில் மூன்றாவது ஆள் கிதார் ஜெபின். கூட்டம் அவ்வளவுதான்.

அவளை "குருவே" என்று அவன் கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்கு. புராண நாடகத்தில் ஒரு சீடன் கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்துக்கொண்டு குழைவானே, அந்தக் குரலில்: "குருவேஏஏ!"

இசக்கிக்கு எல்லாக் குரலும் வரும். கல்லூரி முதல்வர் வரும். ரயில்வே அறிவிப்பு அம்மா வரும். "சாளை, சாளை, சாளேய்" என்று மீன்காரர் வருவார். அவன் குரைத்தால் பக்கத்துத் தெரு நாய் குடும்ப விஷயமெல்லாம் பதிலுக்குச் சொல்லும். வராத ஒரே சங்கதி தாளம்.

அதனால் முதல் பாடம் சர்ச் ஹாலில் நடந்தது.

"கை தட்டு" என்றாள் எஸ்தர்.

"யாரு மாதிரி?"

"யாரு மாதிரியும் வேண்டாம். சும்மா தட்டு."

இசக்கி இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். முதல்வர் மாதிரி தட்டத் தெரியும். மந்திரி மாதிரி, பட்டும் படாமல் தட்டத் தெரியும். சும்மா தட்டத் தெரியவில்லை.

எஸ்தர் காத்திருந்து பார்த்துவிட்டு, டிரம் குச்சியால் அவன் உள்ளங்கையில் ஒன்று வைத்தாள்.

"ஐயோ!"

"வலிச்சுதா?"

"வலிக்காதா பின்ன?"

"அது ஒனக்க வலிதானே? அங்கேருந்து தட்டு."

அன்றிலிருந்து கிண்டல் கொஞ்சம் குறைந்தது. "குருவே" மட்டும் நிலைத்துவிட்டது.

பிறகு அவர்கள் 'மழை விடுமுறை' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். போட்ட நேரம் நல்ல நேரம். எந்தப் பிள்ளை போனைத் திறந்தாலும் அதுதான். முதல் கச்சேரி ஒரு பள்ளிக்கூட ஹாலில். நாலாவது பாட்டில், இரண்டாவது சரணத்தில், இசக்கிக்கு ஒரு வரி மறந்துபோனது. முழித்தான். தலையில் கை வைத்தான். வேறு வழி தெரியாமல் பின்னால் திரும்பி, "குருவே, மறந்துட்டேன்!" என்று அழாத குறையாகச் சொன்னான். எஸ்தர் டிரம்ஸ் பின்னாலிருந்து வரியைக் கத்தினாள். ஹால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள்.

அவ்வளவுதான். அடுத்த ஊரில் கூட்டம் அதைக் கேட்டது. அதற்கடுத்த ஊரிலும் கேட்டது. இரண்டு வருடம், ஊர் ஊராக, அதே ஆல்பம், அதே நாலாவது பாட்டு. அதே இடத்தில் இசக்கி தலையில் கை வைப்பான். கூட்டமும் தலையில் கை வைக்கும். "குருவே, மறந்துட்டேன்!" என்று மைதானமே அலறும். எஸ்தர் நாலு அடி அடித்துக்கொண்டே எதையோ கத்துவாள். கூச்சலில் அது யார் காதிலும் விழாது. நாலு அடி முடிந்ததும் இசக்கி அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வான். அதற்கு அவன் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

அந்த வாசகம் போட்ட பனியன்கூட வந்துவிட்டது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு இசைத் திருவிழாவில். அவர்கள் வாழ்க்கையிலேயே அத்தனை பெரிய மைதானத்தைப் பார்த்ததில்லை. வேனில் போகும்போது ஜெபின் சொன்னான்.

"தேனியில ஒரு காலேஜ்ல கூப்பிடுதானுவ. இன்னும் ஒரே ஒரு ஷோ. போவமா?"

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம், மேடைக்குப் பின்னால் எஸ்தர் டிரம்ஸின் தோலை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு, ஒரு முறுக்கு. ஒரு தட்டு, ஒரு முறுக்கு. இசக்கி வந்து பக்கத்தில் குந்தினான்.

"நேத்துதானே முறுக்கின?"

"நேத்து திருச்சி."

"அதுக்கு?"

"இங்க காத்து வேற."

இசக்கி தரையில் கிடந்த ஒரு வயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். எஸ்தர் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒரு டிவியில மிமிக்ரி பண்ணக் கூப்பிடுதாவ. நாளைக்கு பதில் சொல்லணும்."

"ம்."

"சரின்னு சொல்லிரலாம்னு பாக்கேன்."

ஒரு தட்டு. முறுக்கு இல்லை.

"ஏன் மக்கா?"

"இப்பவும் அததானே செய்யுதேன்? ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் பாடினான். அவன மாதிரியே தெனமும் மிமிக்ரி பண்ணுதேன். அவன் மூச்சு விட்ட எடத்துல மூச்சு விடுதேன். அவன் மறந்த எடத்துல மறக்கேன். இதுக்கு டிவியில பண்ணினா வீட்டுல ஒக்காந்து அம்மையாவது பாப்பா." சொல்லிவிட்டு, வழக்கமான நாடகக் குரல் இல்லாமல் கேட்டான். "குருவே, நான் பாடுதேனா, இல்ல நான் பாடின மாதிரி நடிக்கேனா?"

எஸ்தர் குச்சியால் காதைச் சொறிந்தாள்.

"நாலாவது பாட்டுல சொல்லுதேன்."

"இப்ப சொன்னா என்ன?"

"இப்ப தெரியாதுல."

மேடையில் சவுண்டுக்காரர் கூப்பிட்டார். "ஏனுங்ண்ணா, மைக்க வாய்க்குள்ள உட்டுக்காதீங். கொஞ்சம் தள்ளி நில்லுங். ஆங், அப்படித்தானுங்." அவர் போனதும் இசக்கி அதையே அவர் குரலில் ஜெபினிடம் சொன்னான். ஜெபின் சிரித்தான். இசக்கி சிரிக்கவில்லை. இவரும் வந்துவிட்டார் உள்ளே, என்று நினைத்துக்கொண்டான். எத்தனை பேர்தான் குடியிருப்பார்கள் ஒரு தொண்டையில்.

அப்போதே அவன் தீர்மானித்துவிட்டான். இன்றைக்கு நடிப்பு கிடையாது. தலையில் கை வைப்பது கிடையாது. நாலாவது பாட்டை எழுதினபடி முழுசாகப் பாடுவது. கடைசி நாளாவது பாடிவிட்டுப் போவோம்.

அறிவிப்பாளர் மைக்கை விழுங்கினார். "கோயம்புத்தூஊஊர்! யாரையாவது மறந்துட்டீங்களாஆஆ?"

"குருவேஏஏ!" என்றது மைதானம். முன்வரிசை மொத்தமும் அந்தப் பனியன்.

முதல் பாட்டு போனது. இரண்டும் மூன்றும் போனது. நாலாவது வந்தது.

*கலெக்டர் சொல்லும் ஒத்த வார்த்த*
*காத்திருக்கோம் ஜன்னல் ஓரம்...*

ஆயிரக்கணக்கான கைகள் தலையைத் தொட்டன. இசக்கி கையை ஆட்டினான். இல்லை, இன்றைக்கு இல்லை. வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

ஜெபின் அதே இசையை இன்னொரு சுற்று சுற்றினான். இசக்கி உள்ளே தேடினான். முதல்வர் இருந்தார். ரயில் மூன்றாவது பிளாட்பாரத்தில் வந்து நின்றது. சாளை இருந்தது. சவுண்டுக்காரர்கூட "சொல்லுங்ண்ணா" என்று தயாராக இருந்தார். அந்த வரி மட்டும் இல்லை. அந்தப் பள்ளிக்கூட ஹாலுக்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் அந்த வரியைப் பாடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மறந்த மாதிரி நடித்தே அதைத் தொலைத்திருக்கிறான்.

கை தானாகத் தலைக்குப் போனது.

"குருவே" என்றான், ரொம்ப மெதுவாக. "மறந்துட்டேன்."

மைதானம் வெடித்தது. இப்படி ஒரு நடிப்பை எவனும் பார்த்ததில்லை. மேடை ஓரத்தில் அறிவிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல, சத்தியமா மறந்துட்டேன்!"

இன்னும் பெரிய சிரிப்பு. ஒருத்தன் விசிலடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான்.

இசக்கி திரும்பினான். எஸ்தரின் வாய் அசைந்தது. காதில் விழவில்லை. வயர்களைத் தாண்டி ஓடினான். டிரம்ஸ் மேல் குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"என்ன?"

"எனக்கும் மறந்துபோச்சுல!" என்று கத்தினாள் குரு. "வாய்க்கு வந்தத பாடு!"

இசக்கி ஜெபினைப் பார்த்தான்.

"என்னைய ஏம்ல பாக்க? நான் என்னைக்கு வரி கேட்டேன்?"

எஸ்தர் வழக்கமான நாலு அடியை அடிக்கவில்லை. ஒரே ஒரு அடி அடித்தாள். காத்திருந்தாள். இன்னொரு அடி. காத்திருந்தாள். சர்ச் ஹாலில் காத்திருந்த மாதிரியே.

இசக்கி கை தட்டினான். யார் மாதிரியும் இல்லை. கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பிந்தி. அடுத்த தட்டு அவளோடு சேர்ந்து விழுந்தது. மைதானத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. என்னவோ நடக்கிறது என்று அதற்கும் தெரிந்துவிட்டது. அவன் மைக்கைப் பிடித்தான்.

*குருவுக்குமே மறந்து போச்சாம்*
*வாய்க்கு வந்தது பாடச் சொன்னா...*

குரல் நடுவில் உடைந்தது. அந்த இடத்தில் அது உடைந்ததே கிடையாது. பிறகு எஸ்தர் எல்லாவற்றின் மேலும் சேர்த்து அடித்தாள். ஜெபின் என்ன வாசிக்கிறோம் என்று தெரியாமல், சிரித்துக்கொண்டே வாசித்தான். இரண்டாம் தடவை இசக்கி அதைப் பாடும்போது மைதானமே கூடப் பாடியது.

கச்சேரி முடிந்து மூன்று பேரும் மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பரோட்டா தின்றார்கள். ஜெபின் ஒரு கையால் போனில் அவர்கள் ஆல்பத்தையே தேடிப் போட்டான். மூன்று தலையும் ஒட்டிக்கொண்டு கேட்டன.

*வாசல் செருப்பு மிதந்து போயி*
*ஊரச் சுத்தி வருகுதம்மா...*

"ஓ" என்றார்கள் மூன்று பேரும்.

"யாரு எழுதினது?" என்று கேட்டான் இசக்கி.

"நீதாம்ல, சவமே" என்றான் ஜெபின்.

"நல்லாத்தான் இருக்கு."

ஜெபின் தண்ணீர் எடுக்கப் போனான். இசக்கி பரோட்டாவைப் பிய்த்தான், தின்னவில்லை.

"குருவே, நெசமாவே மறந்துட்டியா?"

"அந்த வரியச் சொல்லி ஒண்ணர வருசமாச்சு."

"பின்ன ஒவ்வொரு ஷோவிலயும் கத்தினியே!"

"கத்தினேன்."

"என்னத்த?"

எஸ்தர் சால்னாவை வழித்து நக்கினாள். "பாளையங்கோட்டையில, ஒனக்க ஜிப்பு தொறந்திருக்குன்னேன்."

"அடிப்பாவி! பேப்பர்ல வந்த போட்டோ..."

"அதுக்குத்தான அந்தக் கத்து கத்தினேன்."

"வேற?"

"தஞ்சாவூர்ல ஒரு தாத்தா செருப்பக் கழட்டி இடுப்புல சொருகிட்டு ஆடினாரு. பாருலன்னேன். தூத்துக்குடியில, மழ வருது, வயரத் தொடாதன்னேன். காரைக்குடியில பசிக்குன்னேன். ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு."

"திருச்சியில? நேத்து?"

எஸ்தர் இலையை மடித்தாள்.

"நேத்து ஒண்ணுமில்ல. நல்லா பாடுத மக்கான்னேன்."

இசக்கி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டின இடம் இன்னும் சிவந்திருந்தது. தூரத்தில் மைதானம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தன் போகிற போக்கில், சுருதியே இல்லாமல், குருவுக்குமே மறந்து போச்சாம் என்று பாடிக்கொண்டு போனான்.

"தேனியில என்ன கத்துவ?" என்று கேட்டான் இசக்கி.

குரு கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குச்சிகளை எடுத்தாள்.

"வந்து கேளு."