புலி போன பிறகு ஒரு கதை

ஒரு காட்டில், ஓடைக்கரைப் பாறைமேல் நின்று பன்னிரண்டு வருடமாகக் காவல் காத்து வந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. "புலி வருகிறது!" என்று அது கத்தினால் எல்லா விலங்குகளும் ஓடி ஒளியும். "புலி போய்விட்டது!" என்று கத்தினால்தான் வெளியே வரும். ஒரு நாள்கூட அந்தக் குரல் பொய் சொன்னதில்லை.

வயதான பிறகு ஒரு நாள் அது எல்லாரையும் கூப்பிட்டது.

"இனி என் மகள் காவல் பார்ப்பாள். நான் கதை சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது" என்றது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது.

"காலம் போன காலத்தில் இது என்ன ஆசை? உமக்குக் கத்தத்தான் தெரியும். உமது கதை முடியும்வரை ஒருவராவது உட்கார்ந்திருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்!"

அன்று மாலை எல்லாரும் ஆவலோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆட்காட்டி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பயப்படாதீர்கள், இது வெறும் கதை. ஒரு நாள் மத்தியானம்... புலி வருகிறது!"

அவ்வளவுதான். துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று கூட்டம் ஓடியது. துண்டும் துணியும் இல்லாத கூட்டம்தான், ஆனாலும் அப்படித்தான் ஓடியது. நரிதான் எல்லாருக்கும் முன்னால்!

"கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆட்காட்டியாரே" என்றது புதருக்குள்ளிருந்து முயல். "கதை என்று எனக்குத் தெரிகிறது. என் காலுக்குத் தெரியவில்லையே!"

ஆட்காட்டிக்கு அழுகை அழுகையாக வந்தது. நரி சொன்னதுதான் சரியோ? பேசாமல் பாறைக்கே திரும்பிவிடலாமா? ஆனால் ஒளிந்தவர்களை அப்படியே விட்டுப் போக அதற்கு மனம் வரவில்லை. பழைய வழக்கப்படியே குரல் கொடுத்தது.

"புலி போய்விட்டது!"

எல்லாரும் வெளியே வந்தார்கள். அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் ஆட்காட்டிக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"ஆமாம், போய்விட்டது" என்று மெல்லத் தொடர்ந்தது. "போகும்போது அதன் வாலில் ஒரு தேன்கூடு தொங்கிக்கொண்டிருந்தது."

"தேன்கூடா?" என்று கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. "வாலில் எப்படி வந்தது?"

"அதைத்தானே சொல்ல வருகிறேன்!"

கதை ஓட ஆரம்பித்தது. நடுவில் புலி வந்தது, உறுமியது, பாய்ந்தது. ஒருவரும் அசையவில்லை. அதுதான் போய்விட்டதே! புலியைத் தேனீக்கள் துரத்திய இடத்தில் கரடி சிரித்து உருண்டது. முயல் கைதட்டியது. கதை முடிந்தபோது ஓடையில் நிலா வந்திருந்தது.

எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்திருந்த நரி வாயைப் பிளந்தபடி கேட்டது:

"அப்புறம்? அப்புறம் அந்தப் புலி என்ன ஆயிற்று?"

"சொல்கிறேன்" என்றது ஆட்காட்டி. "முதலில் மீசை!"

நீதி: எந்த வயதில் புது வழியில் இறங்கினாலும், பழைய தொழிலில் கற்றது கைகொடுக்கும்.