அர்த்தநாரி விமானம் வாங்கப் போனது

குரு என்றதும் தாடியும் கமண்டலமுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஜெசிந்தா, ஊர் தூத்துக்குடி. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது.

சீடர் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே தொழில் தெரிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நாலு வைத்திருந்தார். நாலும் ராய்ப்பூர்ப் பக்கம் ஓடின.

பூமிக்குள் ஆயிரம் அடி போனவருக்கு மேலே போகவும் ஆசை வந்தது. அதில் தப்பில்லை. படித்தார், பறந்தார், உரிமமும் வாங்கிவிட்டார். மொத்தம் எண்பது மணி நேரம் பறந்திருந்தார். கார் ஓட்டப் பழகியவன் எல் போர்டைக் கழற்றிய மறுவாரம் எப்படியோ, அப்படி. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் குடும்பம்தான். வருஷத்தில் பத்து மாதம் அவர் ராய்ப்பூரில் கிடந்தார். மனைவி வளர்மதியும் மகள் தர்ஷிகாவும் திருச்செங்கோட்டில். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், எப்போது வளர்ந்தாள் என்று அவருக்குத் தெரியாது. சொந்த விமானம் இருந்தால் காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மதியச் சோற்றுக்கு மூன்று பேரும் ராய்ப்பூரில் ஒன்றாக உட்காரலாம். இந்த ஒரு நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

"ஏனுங் மேடம், எந்த விமானம் வாங்கட்டுமுங்?"

இதை அவர் ஏழாவது முறையாகக் கேட்டார். கையில் இரண்டு படங்கள்.

"இது நாக்பூர்ல ஒருத்தர் விக்கிறாருங். பழசுதான், ஆனா மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகுமுங். சக்கரமெல்லாம் உள்ள மடங்கிக்கும். ஒரு ரிக் வண்டி வாங்குற காசுக்குள்ள முடிஞ்சிருமுங். இது இன்னொண்ணு. அதே விலை. இருநூறுதான் போகும், கட்டை வண்டியாட்ட. எது நல்லதுங்?"

ஜெசிந்தா படங்களைக் கையில்கூட வாங்கவில்லை.

"எண்பது மணி நேரம் பறந்தவருக்கு முந்நூறு கிலோமீட்டரா?"

"பழகிக்கலாமுங்."

"யாரை ஏத்திக்கிட்டுப் பழகுவீங்க?"

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. காசு அவருடையது, குடும்பம் அவருடையது. ஆலோசனைதானே கேட்டார்?

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங் மேடம்."

"ஞாயித்துக்கிழமை வீட்டு ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க. இங்க இருக்குற பழைய விமானத்துல ஒரு சுத்து போயிட்டு வருவோம். இறங்கினதும் சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஓடுதளத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஏழு ஐந்துக்குத்தான் கார் வந்து நின்றது. கதவு திறக்கும் முன்பே அர்த்தநாரியின் குரல் வந்தது.

"சேலை மாத்த முக்கா மணி நேரமா? கல்யாணத்துக்கா வந்துருக்கோம்?"

வளர்மதி சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். தர்ஷிகா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே அமைதி. ஜெசிந்தா அந்த அமைதியைக் கவனித்தார். அர்த்தநாரி கவனிக்கவில்லை. அவர் முகத்தில்தான் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்ததே.

கிளம்புமுன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். சக்கரம், இறக்கை, எண்ணெய், எரிபொருள் என்று ஒன்றொன்றாகக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அர்த்தநாரி வால் பக்கம் முடித்து, வலது இறக்கை முடித்து, மூக்குப் பக்கம் வந்தபோது போன் அடித்தது. ராய்ப்பூரிலிருந்து வண்டி டிரைவர். அறுநூறு அடியில், பாறையை உடைக்கும் ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொண்டதாம்.

"மாட்டிக்கிச்சா, மாட்டவெச்சியா? நேத்தே சொன்னேன்ல, தண்ணி வந்ததும் நிறுத்துடான்னு! வாயைத் திறக்காத. நான் சொல்றத மட்டும் கேளு!"

ஓடுதளமே அதிரும்படி நாலு நிமிஷம் கத்தினார். பிறகு போனைப் பைக்குள் திணித்து, நேராக ஏறி உட்கார்ந்தார். இடது இறக்கை பக்கம் அவர் போகவே இல்லை.

ஜெசிந்தா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். தாயும் மகளும் பின்னால். நாலு பேர் காதிலும் பேசிக் கேட்கும் கருவி.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. பழைய விமானம் உதறிக்கொண்டு நகர்ந்தது.

"அப்பா" என்றாள் தர்ஷிகா.

"இப்பப் பேசாத."

கொஞ்ச தூரம் போனது.

"அப்பா, அந்த..."

"வேலையா இருக்கறேன்னு தெரியுதில்ல? வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

அவர் கை முன்னால் போனது. பின்சீட்டுப் பேச்சு ஓட்டுபவரின் காதில் விழாமல் செய்ய அங்கே சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது தேவைப்படும். அதைத் தட்டினார். காது நிம்மதியானது. எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

ஓடுதளத்தில் ஏறுவதற்கு முன்னால் நிற்கவேண்டிய கோட்டில் நிறுத்தினார். கருவிகளைப் பார்த்தார். எல்லாம் சரி.

"கெளம்பலாமுங்களா?"

ஜெசிந்தா கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. அப்படி ஒரு நிசப்தம்.

"என்னாச்சுங்?"

"இறங்குங்க."

"எதுக்குங்?"

"இறங்குங்க சார்!"

மூன்று பேரும் தன் பின்னால் இறங்கி வர, ஜெசிந்தா இடது இறக்கைக்குக் கீழே போய் நின்றார். அங்கே விரல் நீளத்தில் ஒரு குழாய் உண்டு. எதிர்க்காற்று அதற்குள் புகுந்துதான் விமானத்தின் வேகத்தைச் சொல்லும். தூசி புகாமல் இருக்க அதற்கு ஒரு துணி உறை. உறையில் முழ நீளத்துக்குச் சிவப்பு நாடா. பறக்கும் முன் கழற்றவும் என்று அதில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. உறை கழற்றப்படவில்லை. நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அர்த்தநாரி அந்த நாடாவையே பார்த்தார். இந்த உறையோடு ஏறியிருந்தால் வேகமுள் செத்துக் கிடந்திருக்கும். நூற்று முப்பதில் போகிறோமா எழுபதில் விழுகிறோமா என்று தெரியாமல் மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு மேலே தடவியிருப்பார். பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கத்தத்தான் தெரியும்.

"ஏன் இதை யாரும் கழட்டல? இங்க வேலைக்கு ஆளே இல்லையா?"

"கழட்டுறது ஓட்டுறவர் வேலை."

"போன் வந்துருச்சுங். அந்தக் கழுதை டிரைவர்..."

"டிரைவர் ராய்ப்பூர்ல இருக்கான்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? நீங்க பார்த்தீங்களா?"

"ஏறும்போதே பார்த்தேன்."

அர்த்தநாரிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"பார்த்துட்டு வாயை மூடிட்டு உக்காந்துருந்தீங்களா? பொம்பளைப் புள்ளைய வெச்சுட்டு வெளையாடறீங்களா? நீங்கெல்லாம் ஒரு டீச்சரா?"

"இந்தக் கோட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். வேற யாராவது வாயத் திறக்காவளான்னு பார்த்துட்டிருந்தேன்." ஜெசிந்தா திரும்பினார். அவர் குரலும் இப்போது சூடாகத்தான் இருந்தது. "தர்ஷிகா, இந்த நாடாவைப் பார்த்தியா?"

"பார்த்தேனுங் மேடம்."

"எங்க இருந்து?"

"உக்காந்த உடனே. ஜன்னல்ல ஆடிட்டே இருந்துச்சு. என்ன எழுதிருக்குன்னும் படிச்சேன்."

"சொல்லலையா?"

தர்ஷிகா தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு வாட்டி கூப்ட்டேனுங். மூணாவது வாட்டி சொன்னேன். அப்பாவுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லலாம்னு பார்த்தேன். அம்மா தொடையில கிள்ளிட்டாங்க."

வளர்மதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏனு, நீ பார்த்தியா?" என்றார் அர்த்தநாரி.

"பார்த்தனுங்."

"பார்த்துட்டு அந்தப் புள்ளையக் கிள்ளுனியா? அறிவிருக்குதா உனக்கு? செத்திருப்போம்டி மூணு பேரும்!"

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நேராக அவள் பார்த்தது குறைவு.

"காரைக்கூட மெதுவாப் போகச் சொன்னதில்லைங் நான். ஒருக்காச் சொன்னதுக்கு நாமக்கல் ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போனீங்க. புள்ளை பின்னால உக்காந்து பார்த்துட்டேதான இருந்தா."



அர்த்தநாரிக்கு அது நினைவில் இருந்தது. அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார். விளையாட்டுக்குத்தான் என்று அப்போது சொல்லிச் சிரித்தார். யாரும் கூடச் சிரித்த மாதிரி இப்போது நினைவில்லை. அவருக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இறக்கையை ஓங்கிக் குத்தலாம் போலிருந்தது. அது பழைய விமானம், தாங்காது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா உறையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அர்த்தநாரி அவர் பக்கம் வந்து கேட்டார்.

"இப்பச் சொல்லுங் மேடம். எது வாங்கட்டும்?"

"குடும்பத்துக்குத்தானே வாங்குதீங்க? அவங்களைக் கேளுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்தார். மகளுக்கு முன்னால் பிரித்துப் பிடித்தார். குரலைத் தணித்துக்கொண்டார், தன்னால் முடிந்த அளவு.

"கண்ணு, இது வேகமாப் போகும். இது மெதுவாப் போகும். எதுல போலாம்?"

தர்ஷிகா படங்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி படங்களைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லு சாமி. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது.

"எதுவும் வேண்டாம்னாலும் சொல்லு."

 தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவருக்குள் அந்தப் பழைய சூடு காலிலிருந்து ஏறியது.

"வாயத் தொறந்து சொல்லுன்னா!"

தர்ஷிகா ஓரடி பின்னால் போனாள்.  அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெசிந்தா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க சார். அதுக்குள்ள தரையில மோதாத விமானமாப் பாத்து வாங்குங்க."