பூசணிக்காயும் நாலாவது கொம்பும்

கோதண்டவர்ம ராஜா கொட்டாவி விட்டாலும் அதில் ஓர் ஆணை வரும். வாசலுக்கு வரும் வண்டிக்கு வண்டி அரண்மனைக்கு ஓடிக் கேட்க முடியுமா? அதனால் கோட்டையின் நாலு வாசல்காரர்களும், கடைசியாகக் கேட்ட ஆணையை மனசில் முடிந்துவைத்துக்கொண்டு காவல் காத்தார்கள்.

அன்று ராஜாவைக் கனவில் ஒரு பூசணிக்காய் துரத்திவிட்டது. "ஊருக்குள் பூசணிக்காயே வரக் கூடாது!" என்றார் விடிந்ததும். தண்டோராக்காரன் மூன்று வாசலில் சொல்லிவிட்டு, தெற்கே போகும் வழியில் மோர்ப்பந்தலில் காலை நீட்டிவிட்டான். தெற்கு வாசல்காரன் மாசானத்துக்கு நேற்றைய ஆணைதான் தெரியும். ஒரு வண்டிப் பூசணிக்காயை, "போங்க அண்ணே" என்று உள்ளே விட்டான்.

"வெட்டு அவன் தலையை!" என்றார் சேதி கேட்ட ராஜா.

மாசானத்தின் மனைவி பூவாயி கைக்குழந்தையோடு அரசவை விகடகவி தில்லைநாயகத்திடம் ஓடிவந்தாள். "ஐயா, இதுக்கு அப்பன் முகமே இன்னும் பழகலையே!" குழந்தை அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்தது, விடவில்லை. அவர் அந்த விரல்களை மெல்ல விடுவித்தார். சபைக்குள் சிரித்த முகமாகத்தான் நுழைந்தார்.

"தில்லை! என் வாக்கு நாலு வாசலிலும் ஒன்றாக நிற்க வழி உண்டா?"

"உண்டு மகாராஜா. முதலில் முரசு அறையட்டும். அறைந்ததும் பழைய ஆணை எதுவும் செல்லாது. நாலு வாசல்காரரும் அதை மறந்துவிட்டு, மறந்ததற்கு அடையாளமாகக் கொம்பு ஊதட்டும். நாலு கொம்பும் கேட்ட பிறகுதான் தாங்கள் வாய் திறக்க வேண்டும். அடுத்த வண்டி வந்ததும் அவர்களே ஆளனுப்பிப் புது ஆணையைக் கேட்டுக்கொள்வார்கள்."

"பலே! இந்த நிமிஷமே சட்டம். மாசானத்தின் தலையையும் இதன்படியே வெட்டுவோம். அறையுங்கள் முரசை!"

முரசு அதிர்ந்தது. கிழக்கே கொம்பு ஊதியது. மேற்கே ஊதியது. வடக்கே ஊதியது. தெற்கே மூச்சில்லை. வாயை இறுக்கிக்கொண்ட ராஜாவின் கன்னம் பூசணிக்காயாக உப்பியது. தெற்கே விரலை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"யார் ஊதுவது மகாராஜா?" என்றார் தில்லைநாயகம். " ஊத வேண்டியவன் இதோ விலங்கோடு நிற்கிறான்."

"வேறொருத்தனைப் போ..."

"ஸ்ஸ்! அதுவும் ஆணைதானே? நாலாவது கொம்பு இன்னும் வரவில்லை."

"அப்படியானால் காலையில் போட்ட பூசணிக்காய் ஆணை?" என்றார் மந்திரி.

"முரசோடு போயிற்று. இவனுக்கு விலங்கு மாட்டிய ஆணையும் கூடவே போயிற்று."

விலங்கு கழன்றது. மாசானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். கொஞ்ச நேரத்தில் தெற்குக் கொம்பு ஊரே அதிர முழங்கியது.

ராஜா வாயைத் திறந்தார். சபை நடுங்கியது. வந்தது சிரிப்பு.

"தன் தலையை வெட்டத் தானே ஊதி அனுமதி தருகிறான்! இவன் தலை போனால் நாளைக்கு நானல்லவா ஊமை? வந்த பூசணிக்காயைக் கூட்டு வையுங்கள்!"

கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தில்லைநாயகத்திடம் நீட்டினார்.

"சீக்கிரம் வாங்கிக்கொண்டு ஓடிவிடு ஐயா. அடுத்த முரசு அறைந்தால் இதுவும் போயிற்று; எனக்கு இப்போதே கை அரிக்கிறது!"