கொடியில் காய்ந்த சேலை

மூன்று வருஷமாகப் பொய்த்த மழை ஐப்பசியில் வந்தாலும் வந்தது, ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. செங்கமேட்டுக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. வெடித்துக் கிடந்த கரிசலில் காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போனது. கிழவர்கள்கூடக் குடையில்லாமல் தெருவில் நின்றார்கள். கேட்டால், நனையத்தான் வந்தோம் என்றார்கள்.

சங்கிலியும் நனைந்தபடிதான் கண்மாய்க்கரை மடத்துக்கு வந்தார். அவருக்கு ஐம்பது வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தைந்து. ஞானத்துக்கு வயசா பார்க்கிறது என்று சங்கிலியே ஊரில் வாதாடியிருக்கிறார்.

"சாமி, நாளைக்கு அய்யனாருக்குப் பொங்கல். முதல் பானை என்னைய வைக்கச் சொல்லிட்டாங்க. இவ்வளவு பெரிய மழைக்கு எப்படி நன்றி சொல்றது? ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுங்க."

கூரை ஒழுகிய இடத்தில் குரு ஒரு சட்டியை வைத்துக்கொண்டிருந்தார்.

"மழை எதனால பெய்ஞ்சதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க?"

"கொடும்பாவி இழுத்தோம்ல சாமி. இழுத்த மூணாம் நாளே கொட்டிருச்சே."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததோ என்னவோ, ஊர் அப்படித்தான் நம்பியது. மழை பொய்த்தால் வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, விளக்குமாற்றால் அடித்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். பாவி தொலைந்தால் வானம் இரங்குமாம்.

"பொம்மைக்கு எந்தத் துணியைச் சுத்துனீங்க?"

சங்கிலி குனிந்து ஈர வேட்டியைப் பிழிய ஆரம்பித்தார்.

வழக்கமாகக் கந்தல் சாக்குதான் சுற்றுவார்கள். இந்தத் தடவை கத்தரிப்பூ நிறச் சேலை. மேலத்தெரு ஒச்சம்மா வீட்டுக் கொடியில் காய்ந்தது. ஒச்சம்மாவை அவள் புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம். மழை போனதும் அப்போதுதான். வாழாவெட்டி இருக்கிற ஊரை வானம் எப்படிப் பார்க்கும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளிடம் இருந்ததே இரண்டு சேலை. அதனால் பொம்மையைப் பார்த்ததுமே அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பொம்மை அவள் வாசலுக்கு வந்தபோது அதை நாலு அடி கூடவே அடித்தார்கள்.

அந்தச் சேலையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து கொடுத்தது சங்கிலிதான்.

"அவளாலதான் மழைன்னா, முதல் நன்றி அவளுக்குத்தானே? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார் குரு.

சங்கிலி புதுச்சேலை ஒன்று வாங்கி, நனையாமல் சாக்கில் சுற்றிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வெட்கம் அப்படிப் பிடுங்கித் தின்றது.

ஒச்சம்மா அடுப்பில் சின்னப் பானை ஒன்றை ஏற்றியிருந்தாள். துணி காயப்போட வீட்டுக்குள்ளேயே சுவருக்குச் சுவர் கயிறு கட்டியிருந்தாள். வெளிக்கொடி அறுந்து தொங்கியது.

"வாங்கண்ணே. மழைக்குப் பொங்கல் வச்சேன். எறக்குற நேரத்துக்கு வந்திருக்கீங்க" என்று ஒரு கரண்டி எடுத்து இலையில் வைத்து நீட்டினாள்.

"நீயா? மழைக்குப் பொங்கலா?"

"ஏன், நான் தண்ணிக்கு அலையலையா?"

சங்கிலி இலையை வாங்கிக்கொண்டார். சாப்பிடாமல் பக்கத்தில் வைத்தார்.

"தாயி, அன்னைக்கு அந்தச் சேலைய உருவுனது நான்தான்."

"தெரியும். நீங்க உருவும்போது கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயி."

"கேட்டிருந்தா என்னையே இழுத்திருப்பீங்க."

அவர் சாக்கைப் பிரித்துப் புதுச்சேலையை நீட்டினார். அவள் தொடவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்ல சேலைதான். உங்க வீட்டுக் கொடியிலயே காயட்டும். எங்கிட்ட இருந்தா, அடுத்து மழை இல்லாதப்ப இதையும் தேடி வருவீங்க."

சேலையோடு திரும்பிய சங்கிலி மடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். தலையில் மழை கொட்டியது. மூன்று வருஷமாக இதற்காகத்தானே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்? இப்போது அதை அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

"வாங்க மாட்டேன்னுட்டா சாமி. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட பானை வைப்பேன்? இந்த மழைக்கு எப்படித்தான் நன்றி சொல்றது?"

குரு நிரம்பிய சட்டியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"இப்பச் சொல்ல முடியாதுண்ணே. இந்த வானம் மறுபடி பொய்க்கும். மறுபடி வைக்கோலைக் கட்டிக்கிட்டுத் துணி தேடி வருவாங்க. அன்னைக்கு அவ வாசல்ல போய்க் குறுக்க நில்லுங்க, அதுதான் நன்றி. நானும் வர்றேன். போன தடவை பொம்மைய இந்த வழியாத்தான் இழுத்துட்டுப் போனீங்க. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்."