எண் பொருந்திய துப்பாக்கி

"ரெண்டு வருஷமா வர்றேன் பாய். ஒரு துப்பாக்கியாவது எனக்கு விக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

நீலமேகம் சண்டை போடத்தான் வந்திருந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. பழைய துப்பாக்கிகளைப் படித்தறிய அவர் குருவாக ஏற்றுக்கொண்ட முக்தாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே முக்தாரின் பட்டறை. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் குழலைச் சட்டப்படி அடைத்து, இனிச் சுடாதபடி செய்து, சேகரிப்பவர்களுக்கு விற்பவர்.

"போன மாசம் ஒண்ணு வேணும்னீங்க. எதுக்கு?"

"பர்மா சண்டையில இருந்ததுன்னு விக்கிறவன் சொன்னான்."

"துப்பாக்கி சொல்லுச்சா?"

நீலமேகம் தோளில் தொங்கிய பையை இறக்கி மேசைமேல் வைத்தார்.

"விக்கிறவன் வாயைப் பாக்குற ஆளுக்கு மூங்கில் கம்பு போதும்ணே. நீங்க இரும்பைப் பாருங்க, கட்டையைப் பாருங்க."

"இன்னைக்கு இரும்போடதான் வந்திருக்கேன்."

பைக்குள்ளிருந்து ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே துப்பாக்கியின் போல்ட். ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அது இல்லாத துப்பாக்கி வெறும் கட்டைதான்.

"எங்கப்பாவோடது. பர்மாவுல பின்வாங்குறப்ப துப்பாக்கியைப் போட்டுட்டு ஆத்தைத் தாண்டச் சொன்னாங்களாம். எதிரிக்கு உதவக் கூடாதுன்னு இதை மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்துட்டார். வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கும்."

"சரி."

"நேத்து நீங்க ஒரு துப்பாக்கியோட படம் அனுப்புனீங்களே, அஸ்ஸாம் பக்கத்துலருந்து வந்ததுன்னு. எண்ணைப் படிச்சுப் பழகச் சொன்னீங்க. படிச்சேன். இந்த போல்ட்டுல வெட்டியிருக்கிற அதே எண் பாய்! ராத்திரி பூரா தூங்கல."

முக்தார் போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல அப்பா படத்தைத் திறக்கிறாங்க," என்றார் நீலமேகம். "கீழே இந்தத் துப்பாக்கி இருக்கணும். எல்லாருக்கும் சொல்லிட்டேன். விலை என்ன வேணாலும் சொல்லுங்க."

முக்தார் உள்ளே போய், போல்ட் இல்லாத அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார்.

"படிங்க."

நீலமேகம் கற்றுக்கொண்டபடி முன்னாலிருந்து பின்னால் வந்தார்.

"குழல்ல தேய்மானம் இல்ல. அதிகம் சுட்டதில்லை."

"ம்."

"கட்டையோட கழுத்துல விரிசல். பின்கட்டை ஓரமெல்லாம் நசுங்கியிருக்கு." விரலால் தடவினார். "விழுந்த அடி இல்ல. திருப்பிப் பிடிச்சு அடிச்சிருக்காங்க. தடி மாதிரி."

"எதுக்கு?"

"ரவை தீர்ந்துபோயிருக்கும்."

முக்தார் ஒரு தகர டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். களிம்பேறிய ரவைகள் உருண்டன.

"அதுக்குள்ள இருந்தது. நான்தான் எடுத்தேன். எண்ணிப் பாருங்க."

பத்து. துப்பாக்கி கொள்ளும் கணக்கும் பத்துதான்.

நீலமேகம் மறுபடி எண்ணினார். பத்துதான்.

முக்தார் ஒரு திருப்புளியை அவரிடம் நீட்டினார்.

"பின்கட்டையோட பித்தளைத் தகட்டைக் கழட்டுங்க. சிப்பாய்ங்க பேரை அதுக்கடியிலதான் கீறி வைப்பாங்க. மேலே கீறுனா தண்டனை."

இரண்டு திருகுகள். இரண்டாவது இறுக்கமாக இருந்தது. தகடு கழன்றதும் நீலமேகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஆணியால் கீறிய தமிழ் எழுத்து.

கா. செங்கோடன்.

அவருடைய அப்பா பெயர் அரங்கசாமி.

"இது வேற யாரோ."

"எண் அதேதானே?"

"துப்பாக்கி துடைக்கிறப்ப போல்ட் மாறியிருக்கலாம்."

"மாறியிருந்தா இவர்கிட்ட உங்கப்பாவோடது இருந்திருக்கும். இவரும் சுட்டிருப்பார்."

"சண்டையில கழண்டு விழுந்திருக்கலாம் இல்லையா?"

"விழுந்தது உங்க வீட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல எப்படிண்ணே வந்துச்சு?"

நீலமேகம் முக்காலியில் உட்கார்ந்தார்.

முக்தார் குரலைத் தாழ்த்தினார். "போல்ட்டைத் தொலைச்சா ராணுவத்துல பெரிய தண்டனை. தொலைச்சவன் பொழுது விடியறதுக்குள்ள பக்கத்துல தூங்குறவனோடதை எடுத்துக்குவான். அவன் எந்திரிச்சு இன்னொருத்தனோடதை எடுப்பான். இது நடக்குறதுதான். இந்தச் செங்கோடனுக்கு அதுக்கு நேரம் கிடைக்கல போல. அதுக்குள்ள எதிரி வந்துட்டான்."

"எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது பாய்."

"தெரியாது."

"ஊர்ல கேட்டுப் பாருங்க. அடுத்தவன் வரப்புல ஒரு புல்லுகூடப் பிடுங்காத மனுஷன்."

"சரிண்ணே."

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. முக்தார் எழுந்து அதை அணைத்தார். டீ போடவில்லை.

நீலமேகத்துக்கு அப்பாவின் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடந்தபடி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எந்திரிச்சுட்டான். தேடுறான் பாரு, தேடுறான்." ஜப்பான்காரனைச் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். "யாரும் இல்லப்பா, தூங்குங்க," என்று நீலமேகம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதை அவர் முக்தாரிடம் சொல்லவில்லை.

"போட்டுப் பாருங்க," என்றார் முக்தார்.

நீலமேகம் போல்ட்டைத் துப்பாக்கிக்குள் செலுத்தினார். எங்கும் தடுக்கவில்லை. கைப்பிடியை மடக்கியதும் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு கச்சிதம்.

நீலமேகம் மேசைமேல் கிடந்த ரவைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டார்.

"துப்பாக்கி வேணாம்," என்றார் நீலமேகம் கடைசியில். "நான் எதையும் பாக்கல. போல்ட்டை மட்டும் எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் நடக்கட்டும். செத்துப்போனவரை இனிமே எதுக்கு..."

முக்தார் மறுக்கவில்லை. துப்பாக்கியை மேசையிலிருந்து எடுத்து, நீலமேகத்துக்கு எதிரே ஒரு ஆள் நிற்பதுபோல நிமிர்த்திப் பிடித்தார்.

போல்ட்டை உருவ நீலமேகம் அதன் கைப்பிடியைப் பற்றினார். மேல்நோக்கித் திருப்பினார்.

"எடுத்துக்கங்கண்ணே," என்றார் முக்தார். "அன்னைக்குச் செங்கோடன் தூங்கிட்டு இருந்தார். இன்னைக்கு முழிச்சிருக்கார்."

நீலமேகம் கைப்பிடியை விட்டார்.