இரண்டாவது கியருக்கு முன்னால்

ஏமாற்றப்பட்டவள் வடிவு. ஏமாற்றியவன் பழைய கார் விற்பவன்.

வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் அவன் காரை எடுத்து ஊரைச் சுற்றி ஓட்டி, எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தான். சூடான வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை, இரவெல்லாம் பனியில் நின்ற அதே வண்டி, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தானாக மாறும்போது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போலக் குதித்தது.

இதற்கு வியாபார சாமர்த்தியம் என்று பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

வடிவுக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் வண்டி. அவள் கணவன் சங்கரலிங்கத்துக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தினமும் காலையில் பயிற்சிக்குக் கூட்டிவந்தால் மறுபடி நடப்பான் என்றார் டாக்டர். பின் சீட்டில் படுக்கவைத்து அவள்தான் ஓட்டிப்போனாள்.

வண்டி குதிக்கும்போதெல்லாம், "வலிக்குதாங்க?" என்பாள்.

"ஒண்ணுமில்ல" என்பான்.

ஒருநாள், "இனிமே பயிற்சி வேண்டாம் வடிவு. இப்படியே படுத்துக் கெடக்கேன்" என்றான்.

அன்றைக்கு வடிவு மலையடிவாரத்து மடத்துக்குப் போனாள்.

அங்கே குரு நாச்சியார். வடிவைவிட வயதில் இளையவள். குருவை வடிவு 'அம்மா' என்பாள். வடிவைக் குரு 'அக்கா' என்பாள். இந்த விஷயத்தில் இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

"அம்மா, நியாயம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

நாச்சியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னாச்சுக்கா?"

"வித்தவனைப் போய்க் கேட்டா, 'பொம்பளைங்க ஓட்டினா எந்த வண்டியும் குதிக்கத்தான் செய்யும் மேடம்'ங்கிறான். என் கூடப்பிறந்த தம்பியும் அதையே சொல்றான். மெக்கானிக் ஒருத்தர்தான் கோளாறு வண்டியிலதான்னு ஒத்துக்கிட்டார். மாத்த வேண்டிய சாமான் வர்றதுக்கு நாளாகுமாம். அதுவரைக்கும் கியர் மாறப்போற சமயத்துல ஆக்சிலேட்டர்லேருந்து காலை லேசா எடுத்தா குதிக்காதாம்."

"எடுத்துப் பாத்தீங்களா?"

"எப்ப மாறும்னு யாருக்குத் தெரியும்? ஒருநாள் ஊர்ந்து போகும்போதே மாறுது. ஒருநாள் வேகம் புடிச்ச பிறகு மாறுது. அது கெடக்கட்டும். தப்புப் பண்ணினது அவன், வழக்குப் போடலாம்னு இருக்கேன். நான் ஏன் காலை எடுக்கணும்?"

"எடுக்க வேண்டாம்."

வடிவுக்கு என்னவோ போலாகிவிட்டது. மறுப்பு வரும், அதற்குப் பதில் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தாள்.

"அப்ப, பொறுத்துக்கோங்கிறீங்களா?"

"அதையும் சொல்லலையே. காலையில வர்றேன். நான் ஓட்டறேன். நீங்க பின்னால உட்காருங்க."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"சாமியாரானா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்களா அக்கா?"

குருவே வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டு நிற்கும்போது சங்கரலிங்கத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வடிவு பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இந்த வண்டி வந்ததிலிருந்து அவள் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

நாச்சியார் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தாள்.

தெருமுனை தாண்டியது. சங்கரலிங்கத்தின் கை வடிவின் மணிக்கட்டை இறுக்கியது. வண்டி குதித்தது.

"பாத்தீங்களா அம்மா! பாத்தீங்களா!"

நாச்சியார் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கி, மறுபடி வேகமெடுத்தாள்.

கை இறுகியது. வண்டி குதித்தது.

வடிவு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்களை மூடியிருந்தான். உதடு உள்ளே மடிந்திருந்தது.

பேருந்து ஒன்று வழிமறித்து நின்றது. நின்று, மறுபடி கிளம்பினார்கள். கை இறுகியது.

"நிறுத்துங்க!"

நாச்சியார் புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள்.

"ஏங்க, குதிக்கறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுதா?"

"சீட்டு லேசா நடுங்கும். படுத்திருக்கறதால முதுகுக்குத் தெரியும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

சங்கரலிங்கம் கண்ணைத் திறந்தான்.

"நீ பேசிக்கிட்டிருந்தியே."

"நானா? யார்கிட்ட?"

"அந்தக் கார்க்காரன்கிட்ட. வீட்ல கிளம்பினா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவன் எதிர்ல இருக்கற மாதிரி சண்டை போட்டுக்கிட்டு வருவே. நல்லாத்தான் கேட்பே. நடுவுல நான் எங்க பேச?"

வடிவு அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஒதுக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

நாச்சியார் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் நடந்தே போயிக்கறேன்."

"அம்மா, அப்ப அவன்மேல வழக்கு?"

"போடுங்க. நான் ஓட்டியும் குதிச்சுதே. சாட்சி சொல்ல வர்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வடிவு ஒரு தலையணையை அவன் தலைக்கு அண்டக் கொடுத்தாள். காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி முன்னால் வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் இன்னும் சரியாகச் சூடேறவில்லை.

விற்றவனைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, புத்தம் புதிது, நல்ல கூர்மையானது, நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

வண்டி நகர்ந்தது.

"எப்பன்னு சொல்லுங்க" என்றாள்.

புளியமர நிழல் முடிந்து வெயில் வந்தது. ஒரு சைக்கிள் மணியடித்துக் கடந்தது. வடிவு காத்திருந்தாள்.

"இப்ப" என்றான் சங்கரலிங்கம்.