பதினொரு கொடிக்காலும் ஒரு போஸ்டரும்

அருமைநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு, அது போதாதென்று பிஎச்.டி.யில் சேர்ந்தவர். அவருடைய கைடு சபூராவுக்கு முப்பத்தொன்பது. இவர் அவரை "மேடம்" என்பார், அவர் இவரை "சார்" என்பார். இரண்டு பக்கமும் மரியாதை நிஜமானதுதான்.

ஆராய்ச்சி கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில். மழை முடிந்ததும் வேர் அழுகிக் கொடி வாடிச் சாகிறதே, அதற்கு ஒரு வழி உண்டா என்று ஐந்து வருஷம் காவிரிக் கரையில் அலைந்தார். வழி கிடைத்தது. கிடைத்து என்ன புண்ணியம்? போன வருஷ மாநாட்டில் போஸ்டரை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றார். ஒரே ஒருவர் பக்கத்தில் வந்தார். "பாத்ரூம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷத்தையும் விட்டால் அவ்வளவுதான். வெற்றிலை விளைகிற எல்லா மாவட்டத்திலிருந்தும் தோட்டக்கலை அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது நின்று பார்த்து, தன் ஊரில் செய்து பார்த்தால் உண்டு. இல்லாவிட்டால் கண்டுபிடித்ததெல்லாம் ஆய்வேட்டோடு நூலக அலமாரியில் தூங்கும். கொடிகள் அடுத்த மழையிலும் சாகும்.

புதுப் போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சபூராவின் அறைக்குப் போனார்.

"மேடம், என்ன பண்ணினா ஜனங்க நின்னு பார்ப்பாங்க?"

சபூரா போஸ்டரை வாங்கி மேஜைமேல் விரித்தார். மேஜை போதவில்லை. தரையில் விரித்து நான்கு மூலையிலும் புத்தகம் வைத்தார்கள்.

"மேல போட்டோவுல இருக்கிற இந்தப் பெரியவர் யாரு சார்?"

"எங்க கல்லூரி நிறுவனர்ங்க."

"பக்கத்துல?"

"தாளாளர். அந்தப் பக்கம் முதல்வர். நடுவுல லோகோ."

"இவங்கள்ல யாராவது கொடிக்கால் போட்டிருந்தாங்களா?"

"ஐயோ, இல்லைங்க மேடம். எங்க காலேஜ்ல எதை அடிச்சாலும் இவங்க மூணு பேரும் இருக்கணும். விளையாட்டு விழா பேனர்லகூட இருப்பாங்க."

"நிக்கப் போறவர் இவங்களைப் பார்க்கத்தான் நிப்பாரா?"

அருமைநாதன் பேனாவை எடுத்தார். மூன்று முகங்களின் மேலும் ஒரே கோடாக இழுத்தார். முதல்வர் கேட்டால் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் உதறல்தான். இருந்தாலும் இழுத்துவிட்டார்.

சபூரா கீழே குனிந்தார்.

"இந்த வரைபடம்?"

"செவந்தியப்பன் கொடிக்கால்."

"இது?"

"காளிக்கவுண்டர் கொடிக்கால். அதுக்குக் கீழ இருக்கிறது பட்டாணி ராவுத்தர் கொடிக்கால்."

"பதினொண்ணும் ஒரே மாதிரிதானே சார் ஏறி இறங்குது? ஒண்ணாச் சேர்த்துடலாமே."

"முடியாதுங்க மேடம்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் கைடிடம் அவர் சொன்ன முதல் 'முடியாது' அதுதான். சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

சபூரா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சார்?"

"ஒவ்வொருத்தரும் நாற்பது கொடி கொடுத்தாங்க மேடம். செத்த கொடி இல்ல, தளதளன்னு நின்ன கொடி. வேரைப் பார்க்கணும்னா பிடுங்கித்தானே பார்க்கணும்? கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு யாரும் காலெடுத்து வைக்க மாட்டாங்க. அப்படி வெச்சுக் காப்பாத்துற இடம். அதுக்குள்ள போய் நான் பிடுங்கினேன். செவந்தியப்பன் பார்க்க மாட்டாம முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னார். பிடுங்கி முடிச்சதும் 'வெயில்ல நின்னீங்களே'ன்னு எனக்கு மோர் கொண்டாந்து கொடுத்தார். அந்த மனுஷனை எப்படி மேடம் நான் எடுக்கிறது?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சபூரா மூலைகளில் வைத்த புத்தகங்களை எடுத்தார். போஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய், வராந்தாவில் இருந்த அறிவிப்புப் பலகையில் குத்தினார். அருமைநாதனை ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"சார், இப்ப நான்தான் தோட்டக்கலை அதிகாரி. கையில டீ. அடுத்த ஹாலுக்குப் போய்க்கிட்டிருக்கேன். வாடலுக்கு என்ன பண்ணணும்? இதுல காட்டுங்க."

"இதோ மேடம்."

விரலை நீட்டினார். முதல் பத்தியில் இல்லை. இரண்டாவது பத்தியில் மண் பரிசோதனை. மூன்றாவதில் ஆறு வரைபடம். இரண்டு எட்டு முன்னால் போனார், குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இவர் எழுதியது, இவருக்கே அகப்படவில்லை. கடைசியில் நாலாவது பத்தியின் அடியில், பதினொன்றாவது வரைபடத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் கிடைத்தது.

"இதோ இருக்கு மேடம்!"

திரும்பினால் பக்கத்தில் ஆளைக் காணோம். சபூரா வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றிருந்தார்.

"அதிகாரி போயிட்டார் சார்," என்றார் அங்கிருந்தே.

சபூரா நடந்து வந்தார்.

"செவந்தியப்பன் எதுக்கு சார் கொடியைப் பிடுங்க விட்டார்?"

"வாடலுக்கு ஒரு வழி தெரியட்டும்னுதான்."

அருமைநாதன் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை போஸ்டரின் தலையில் கொட்டை எழுத்தில் இரண்டே வரி: 'வாய்க்காலை ஒரு சாண் ஆழமாக்குங்கள். வெற்றிலை வாடல் பாதியாகும்.' அதன் கீழே, வெட்டிய வாய்க்காலில் ஒரு கை சாண் அளக்கும் படம். பக்கத்தில் வாடிய கொடிகளைக் காட்டும் இரண்டு பட்டைகள், வெட்டுவதற்கு முன் ஒன்று உயரம், வெட்டிய பின் ஒன்று அதில் பாதி. லோகோ ஒரு மூலைக்குப் போயிருந்தது. மிச்சமெல்லாம் வெள்ளை.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு மேடம். மனசுதான் கேக்க மாட்டேங்குது. எல்லாரையும் கூட்டி வகுத்து ஒண்ணாக்கிட்டேன். பதினொரு பேரும் எங்க போனாங்க?"

"அந்த ஒரு மணி நேரம் நீங்க எங்க சார் இருப்பீங்க?"

"போஸ்டர் பக்கத்துலதான்."

"சும்மாவா நிப்பீங்க?"

மாநாட்டில் பகல் பதினொரு மணிக்குப் போஸ்டர் நேரம். முதல் பத்து நிமிஷம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன வருஷக் கதைதான், ஆண்டவரே, என்று அருமைநாதன் நினைத்துக்கொண்டார்.

கையில் டீயோடு ஒரு தோட்டக்கலை அதிகாரி அம்மா கடந்து போனார். இரண்டு எட்டு போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"ஒரு சாணா? அவ்வளவுதானா? நம்புற மாதிரி இல்லையே சார். எத்தனை கொடிக்கால்ல பார்த்தீங்க?"

"பதினொண்ணுங்கம்மா."

அப்புறம் யார் நிறுத்துவது? செவந்தியப்பனில் ஆரம்பித்தார். யார் எந்த ஊர், யார் முதல் நாளே மண்வெட்டியோடு வந்து நின்றார், 'இந்த வாத்தியாருக்கு வேற வேலை இல்லை' என்று திட்டிக்கொண்டே வெட்டியவர் யார், யார் எத்தனை கொடி காப்பாற்றினார், ஒவ்வொருவரும் நாற்பது கொடியை எப்படி மனசாரக் கொடுத்தார்கள் என்று பதினொரு பேரையும் சொன்னார். அந்த அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"செவந்தியப்பன் நம்பர் கொடுங்க சார், அவர்கிட்டயே பேசிக்கிறேன். எங்க பக்கத்துல மழைக்கு முன்னாடி நாலு கொடிக்கால்ல வெட்டிப் பார்த்துடலாம்."

கூட்டம் கலைந்ததும் அருமைநாதன் கிட்டத்தட்ட ஓடினார். ஹாலின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சபூரா.

"மேடம், நாலு கொடிக்கால்ல வெட்டப் போறாங்க! பதினொரு பேர் பேரையும் சொல்லிட்டேன் மேடம், ஒருத்தரை விடல. நின்னு கேட்டாங்க. எழுதிக்கிட்டாங்க." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னைவிடப் பதிமூன்று வயது சின்னவர் என்பதெல்லாம் மறந்து இரண்டு கையையும் கூப்பினார். "உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே..."

சபூரா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அதை அப்புறம் சொல்லலாம் சார். உங்க போஸ்டர்கிட்ட யாரோ தனியா நிக்கிறாங்க. போங்க."